டிசைன் எப்படி சார்?

கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவரிடம் ஸ்கோர் கேட்பது மரியாதை இல்லை. மைதானத்தின் டிசைன் எப்படி என்று கேளுங்கள், ஸ்கோர் தானாக வெளியே வந்துவிடும். "அருமையான டிசைன், குழிக்குக் குழி யோசித்திருக்கிறார்கள்" என்றால் 80, ஒன்றிரண்டு முன்னே பின்னே. "டிசைன் பரவாயில்லை, காற்றைத்தான் கணக்கில் எடுக்கவில்லை" என்றால் 95. "இதை வரைந்தவன் வாழ்க்கையில் மட்டையைத் தொட்டிருக்கிறானா?" என்றால் 110 தாண்டிவிட்டது. மேற்கொண்டு பேச்சுக் கொடுக்காமல் ஏசியைக் கூட்டி வைப்பது நல்லது.

இந்த விதியைக் கண்டுபிடித்தவன் என் மச்சினன். பாகலூர்க்காரன், துபாயில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறான். காலையில் மட்டைப் பைகளோடு ஏறுகிறவர்களை மைதானத்தில் இறக்கிவிட்டு, வெயில் ஏறியதும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது வேலை. போகும்போது ஒருவரும் டிசைனைப் பற்றி மூச்சு விடுவதில்லையாம். எல்லா ஞானமும் திரும்பும் வழியில்தான். எங்கள் எல்லையோரப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவனுக்குச் செலவில்லாமல் வந்தவை. இந்தி சிப்காட் கேன்டீனில் வந்தது. ஆங்கிலம் முழுவதும் இந்த வேனில், தோற்றுப்போன கோல்ஃபர்களிடம் கற்றது. அதனால் அவனுடைய ஆங்கிலத்தில் வசவுக்குப் பஞ்சமில்லை, நன்றி சொல்லத்தான் கொஞ்சம் திணறுவான்.

நான் மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறவன். கையில் எது கிடைத்தாலும் அளந்துவிடுவது என் வியாதி. போன லீவில் மச்சினன் கோல்ஃப் பந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தபோது, பிள்ளைகள் அதைப் பிடுங்குவதற்குள் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். விதிப்படி விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மிஞ்சக் கூடாது. பந்து பாஸ். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், உலகத்தில் எங்கே போனாலும் அதேதான். பந்துக்கு டிராயிங் இருக்கிறது, குழிக்கு டிராயிங் இருக்கிறது. நடுவில் கிடக்கிற ஆறேழு கிலோமீட்டர் நிலத்துக்கு மட்டும் டாலரன்ஸே கிடையாது, வரைகிறவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு டிராயிங் வந்தால் கஸ்டமருக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். கோல்ஃபர்களோ விமான டிக்கெட் எடுத்துப் போய் அதற்குள் இறங்குகிறார்கள்.

சமீபத்தில் துபாய்ப் பாலைவனத்தில் ஒரு புது மைதானம் திறந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம், இனி வரப்போகிற வசவுகளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. திறந்த முதல் வாரம் வேனில் ஏறியவர்களிடம் கேட்டதை மச்சினன் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒப்பித்தான்.

"முன்சீட்டுல இருந்தவரு சொல்றாரு மாமா, பங்கர்னு வெச்சிருக்குற மணல் பள்ளமெல்லாம் தப்பான எடத்துல இருக்குதாம்."

"எங்கே இருக்கணுமாம்?"

"அவரு பந்து விழாத எடத்துல."

பின்சீட்டுக்காரருக்கு அதே பங்கர்கள் கச்சிதமான இடத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. அவர் ஒன்றில்கூட விழவில்லை. மூன்றாமவர் புல் நன்றாயிருக்கிறது, ஆனால் இத்தனை மணல் எதற்கு என்று கேட்டிருக்கிறார். பாலைவனத்துக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்கவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் அங்கே ஆச்சரியப்பட வேண்டியது மணலைப் பார்த்து அல்ல, புல்லைப் பார்த்து. வளைகுடா நாடுகளில் அந்தக் காலத்து கோல்ஃப் முழுக்க மணலில்தான். குழியைச் சுற்றி மணலோடு எண்ணெய் கலந்து உருளை போட்டு இறுக்கியிருப்பார்கள். பச்சையாக இல்லாததால் அதற்கு 'பிரவுன்' என்று பெயர். ஆடுகிறவர் கையில் ஒரு துண்டுச் செயற்கைப் புல் இருக்கும். பந்து நின்ற இடத்தில் அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடித்துவிட்டு, சுருட்டிக்கொண்டு நடக்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் கூபர் பெடி என்கிற ஊரில் இன்றும் இப்படித்தான். வெயிலுக்கு அஞ்சி மக்கள் பூமிக்குள் வீடு குடைந்து வாழும் ஊர் அது. கோல்ஃபையும் விட மனமில்லாமல் ராத்திரியில் ஒளிரும் பந்தை வைத்து ஆடுகிறார்கள். பாய் விரித்து ஆடிய காலத்தில் டிசைனைத் திட்ட வழியே இருந்திருக்காது. நேற்றைய மேட்டை இன்றைக்குக் காற்று வேறு இடத்தில் வைத்திருக்கும். யாரைப் போய்க் கேட்பது?

துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988-இல் திறந்தது. கார்ல் லிட்டன் என்கிற அமெரிக்கர் வரைந்த அதன் மஜ்லிஸ் மைதானத்தில் பதினெட்டுக் குழிக்கும் புல். உப்பு நீக்கிய கடல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, நாலா பக்கமும் மணலாகக் கிடந்த இடத்தில் பச்சை விரித்தார்கள். கிளப் கட்டடம் பெதூயின் கூடாரங்களைப் போல இருக்கும். அடுத்த வருடமே ஐரோப்பிய வீரர்கள் வந்து ஆடினார்கள், மார்க் ஜேம்ஸ் கோப்பையைத் தூக்கினார். 1994-இல் எர்னி எல்ஸ் அங்கே ஒரே சுற்றை 61 அடியில் முடித்தார். 72 அடி என்று போட்டிருக்கும் மைதானத்தில் 61! அன்றைக்கு அவர் என் மச்சினன் வேனில் ஏறியிருந்தால் லிட்டனைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பது கேட்காமலே தெரியும்.

மணல் விஷயத்தில் எனக்கு ஒரு தொழில் சந்தேகம் இருந்தது. பாலைவனத்தில் பங்கர் வேண்டுமென்றால் மண்வெட்டியால் குழி தோண்டினால் போதாதா? போதாது. காலாகாலமாகக் காற்றில் உருண்டு மூலையெல்லாம் மழுங்கிய மணல் அது, ஒரு மணி இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளாது. மேலேயிருந்து பந்து விழுந்தால் ஆஃபாயில் மாதிரி நடுவில் உட்கார்ந்துவிடும். பங்கருக்கு முனை மழுங்காத மணல் வேண்டும். அதனால் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் இருக்க, வெளியிலிருந்து லாரியில் மணல் வரவழைக்கிற மைதானங்கள் உண்டு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிருஷ்ணகிரி கிரஷர்களில் கருங்கல்லை உடைத்து எடுக்கிற எம்-சாண்ட், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எங்கள் நெடுஞ்சாலை வழியாக ஜூஜூவாடியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதுவும் முனையுள்ள மணல்தான். அதனால்தான் சிமெண்டோடு கைகோத்து நிற்கிறது.

சரி, எது பங்கர், எது சும்மா மணல்? பாலைவன மைதானத்தில் இதுதான் பெரிய வழக்கு. பங்கரில் அடிப்பதற்கு முன் மட்டையை மணலில் ஊன்றக் கூடாது, ஊன்றினால் இரண்டு அடி அபராதம். சும்மா மணலில் தாராளமாக ஊன்றலாம். 2010-இல் அமெரிக்காவில் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில், பிஜிஏ போட்டியின் கடைசி நாள் கடைசிக் குழியில், டஸ்டின் ஜான்சன் ஒரு மணல் திட்டில் மட்டையை ஊன்றினார். ரசிகர்கள் மிதித்துத் துவைத்த இடம் என்று நினைத்திருந்தார். அதுவும் பங்கர்தான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். இரண்டு அடி கூடி, பிளேஆஃபுக்கே போக முடியாமல் ஊருக்குப் போனார். வரைந்தவர் பீட் டை, ஏறக்குறைய ஆயிரம் பங்கர்களை அள்ளித் தெளித்திருந்தார். ஏரிக்கரை மைதானத்திலேயே உலகத்தர வீரருக்கு இந்தக் கதி என்றால், அடிவானம் வரை மணலாகக் கிடக்கிற இடத்தில் ஹோட்டல் விருந்தாளி என்ன செய்வார்? வேனில் ஏறித் திட்டுவார்.

திட்டு வாங்குவதற்கென்றே மூளையைக் கசக்கியவர்களும் உண்டு. அகஸ்டா மைதானத்தை பாபி ஜோன்ஸோடு சேர்ந்து வரைந்த அலிஸ்டர் மெக்கன்சி அடிப்படையில் டாக்டர். போயர் போரில் எதிரிகள் நிலத்தோடு நிலமாக ஒளிந்துகொண்ட சாமர்த்தியத்தைப் பார்த்து வியந்தார். முதல் உலகப் போரில் மறைப்புக் கலையே அவருக்கு வேலையாயிற்று. போர் முடிந்ததும் அந்த வித்தையை எங்கே கொட்டுவது? கோல்ஃபர்கள் அகப்பட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பங்கர் குழியை ஒட்டினாற்போல் தெரியும். கிட்டே போனால் நடுவில் தாராளமாக இடம் கிடக்கும். அதற்குள் பந்து எங்கேயோ போயிருக்கும். அரிசோனாக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1962-இல் திறந்த டெசர்ட் ஃபாரஸ்ட் மைதானத்தில் ரெட் லாரன்ஸ், கள்ளிக் காட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டு நடுவே புல்லை ஓடவிட்டார். பிற்பாடு நிலத்தடித் தண்ணீர்ச் சட்டமும் புல்லின் பரப்பை இறுக்கிப் பிடித்துவிட்டது. அங்கே புல்லைத் தாண்டினால் முள்தான், பந்தைத் தேடி உள்ளே கை விடுகிறவருக்கு டிசைன் மேல் பக்தி வருவது கஷ்டம்.

ஆக, மச்சினன் விதி எல்லாக் கண்டத்துக்கும் பொருந்துகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அதை உடைத்தவர் எங்கள் எம்.டி.

பொருட்காட்சிக்காக துபாய் போனவர், அந்தப் புது மைதானத்திலேயே ஆடிவிட்டு வந்தார். திங்கட்கிழமை புரொடக்ஷன் மீட்டிங்கில் ரிஜெக்‌ஷன் கணக்கு எடுக்கப்படவே இல்லை, முழுக்க டிசைன்தான். பங்கர்களின் அழகு, காற்றைக் கையாண்ட விதம், பதினேழாவது குழியில் பாலைவனம் திறந்துகொள்கிற காட்சி. 80 என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். ஒரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த புது அளவை மெஷின் விண்ணப்பத்தைத் துணிந்து நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில், கூடப் போன மார்க்கெட்டிங் தம்பி காதில் சொன்னான்: "சார் ஸ்கோர் 118. ஒன்பது பந்து காணாமப் போச்சு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. 118 போட்ட மனிதர் டிசைனைப் புகழ்வதாவது! சாயந்திரமே மச்சினனுக்கு போன் போட்டேன்.

"கூட ஆடினது யாரு மாமா?"

"கஸ்டமர் கம்பெனியோட பர்ச்சேஸ் ஹெட்."

"அவரு எவ்ளோ?"

"81-ஆம்."

"அப்பறம் என்ன? வேன்ல பெரிய ஆளு என்ன ஸ்கோரோ, அதுக்குத்தான் மத்தவங்க டிசைன் பேசுவாங்க. ஆர்டர் வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு வருஷத்துக்கு."

"அப்ப ஜெயிச்சது உங்க எம்.டி.தான்."

"ஒன்பது பந்து போச்சேடா!"

"அதை சாம்பிள் கணக்குல எழுதிடச் சொல்லுங்க மாமா."