வெப்சைட் அண்ணாச்சி

குரோம்பேட்டையில் இவருக்கு டைல்ஸ் கடை, சேலையூரில் பெயிண்ட் கடை, தாம்பரத்தில் பைப்பும் மோட்டாரும். ஆள் பல பேர், வெப்சைட் ஒன்றுதான். ஒருவருடையதைப் பார்த்தால் எல்லாருடையதையும் பார்த்த மாதிரி. பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

கடையில் அண்ணாச்சி கறார். அரை இஞ்ச் எல்போவுக்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். போணியாகாத சரக்கை அடுத்த லாட் வரும்வரைகூட வைத்திருக்க மாட்டார். வெப்சைட் என்றால் மட்டும் மனசு விசாலமாகிவிடும். டிசைன் செய்கிற பையன் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாக விட்டுவிட்டால் பதறிப்போவார்.

"என்ன தம்பி, இவ்வளவு எடத்தச் சும்மா போட்டிருக்க? மாடம்பாக்கத்துல மனை வாங்கி வேலி போடாம விட்ட மாதிரி இருக்கே. நாளைக்கே எவனாவது கொட்டாய் போட்டுருவான்."

எனவே திறந்ததும் பிள்ளையார் சுழல்வார், பாட்டு முழங்கும். பல்லாவரம் தாண்டிய மின்சார ரயிலில் யாரோ ஒருவர் மோட்டார் விலை பார்க்கப் போய், மொத்தப் பெட்டியும் அவரைத் திரும்பிப் பார்த்த காலம் உண்டு. 2018-ல் குரோம் பிரவுசர் தானாகச் சத்தம் போடும் பக்கங்களின் வாயைக் கட்டியது. அண்ணாச்சி அசரவில்லை, "பாட்டு கேட்க இங்கே அமுக்கவும்" என்று சிவப்புப் பட்டன் வைத்தார். அதற்குக் கீழே ஃபிளாஷில் செய்த தேங்காய் உடைக்கும் காட்சி. ஃபிளாஷையே அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு கைகழுவிவிட்டது. தேங்காய் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் கட்டம். எடுத்துவிடலாமே என்றால், "காசு குடுத்துப் போட்டது தம்பி, கெடக்கட்டும்."

'எங்கள் குழு' என்ற பக்கத்தில் கோட்டு போட்ட நாலைந்து வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருப்பார்கள். கடையில் இருப்பவர்கள் பைப் அறுக்கும் இரண்டு பையன்களும் பில் போடும் அக்காவும். கிளைகள்: சென்னை, சிங்கப்பூர். சிங்கப்பூரில் மச்சான் இருக்கிறார்.

'சமூகப் பணி'க்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, அண்ணாச்சி டிராக்டர் பிடித்து ரொட்டியும் தண்ணீர் கேனும் கொண்டுபோனார். இடுப்பளவு தண்ணீரில் அவரே இறங்கினார். அதை ஒருவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நனைந்த நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் ரொட்டிக்குக் கை நீட்டிய அந்த அம்மா இன்னும் அந்தப் பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் வடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் வீட்டை உயர்த்திக் கட்டியிருப்பார். பாத்ரூமுக்குக் குழாய் வாங்க அண்ணாச்சி கடைக்கே வந்தாலும் வருவார். என்னைக் கேட்டால், தேங்காய்கூட இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் எடுக்க வேண்டியது இந்தப் படத்தைத்தான்.

அடுத்தது வாடிக்கையாளரின் நம்பிக்கை. முதலில் ஜிஎஸ்டி சான்றிதழைப் போட்டார், அது பரவாயில்லை. பிறகு பான் கார்டு. பிறகு ஆதார், முன்னும் பின்னும். அதன்பிறகு கையெழுத்துப் போட்ட கேன்சல் செக். "ஒளிச்சு வைக்க நாம என்ன திருடனா?" 2018 ஜூலையில் டிராய் தலைவர் ஆர்.எஸ்.சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து பாருங்கள் என்று சவால் விட்டார். உடனே ஆதார் ஆணையமே, யாரும் இப்படிப் பொதுவெளியில் எண்ணைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணாச்சி அந்தச் செய்தியில் முன்பாதியை மட்டும் படித்தவர்.

இவ்வளவும் இருக்கிற இடத்தில், கடை கிழக்குத் தாம்பரத்திலா மேற்குத் தாம்பரத்திலா என்பது மட்டும் இருக்காது. 'தாம்பரம், சென்னை' என்பதோடு சரி. ஊரைத் தண்டவாளம் நடுவில் கிழித்துப் போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததா? மேற்குக்கு 600045, கிழக்குக்கு 600059. அந்தப் பின்கோடாவது இருந்தால் பிழைத்தோம். சண்முகம் சாலைக் கூட்டத்தில் உடைந்த குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு தேடியலைந்தபின், "நீங்க அந்தப் பக்கம்ல போகணும் சார்" என்று பழக்கடைக்காரர் சொன்னதும் மறுபடி ஸ்டேஷன் படியேறுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன் பண்ணிக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது, ஓடும் எழுத்தில். முதல் ஐந்து எண்ணைக் குறிப்பதற்குள் மீதி ஐந்தும் பங்குனியிலும் முடியாத ஆடித் தள்ளுபடியைத் துரத்திக்கொண்டு போய்விடும். அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? அதுவும் இல்லை. "மத்தியானம் வரைக்கும் உண்டுன்னு ஊருக்கே தெரியுமே, அத எதுக்குப் போட்டுக்கிட்டு?"

ஒருநாள் பையன் துணிந்து கேட்டேவிட்டான். "அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு எடுத்துரலாமா?"

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். 'இயக்குநர்கள்' பகுதியில் விரல் நின்றது.

"இவனத் தூக்கிரு."

கூடப்பிறந்த தம்பி. ஊரில் தோட்டத்தைப் பிரிக்கிற விஷயத்தில் போன மாசத்தோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. பையன் படத்தை எடுத்தான். அண்ணாச்சி தன் போனைத் துழாவி, திருச்செந்தூரில் பேரனுக்கு மொட்டையடித்த படத்தை அனுப்பினார்.

"இதப் போடு. கீழ டைரக்டர்னே இருக்கட்டும்."