இழுப்பது யார்?

கே: பழைய ஜீப்புக்குப் பின்னால் கட்ட, ராணுவம் கழித்த டிரெய்லரை ஏலத்தில் எடுக்கலாமா?
– ஒரு வாசகர், செம்பூர்

ப: தாராளமாக எடுங்கள். உலகப்போர்க் கால ஜீப்புக்கென்றே செய்த கால் டன் டிரெய்லரின் எடை சுமார் 250 கிலோ. கரடுமுரடான பாதையிலும் ஏறக்குறைய அதே அளவு சரக்கைச் சுமக்கும். ஆனால் அதற்கு நிறுத்திவைக்கும் கைபிரேக் மட்டும்தான் உண்டு. போர்காட் இறக்கத்தில் ஜீப் டிரெய்லரை இழுக்காது, டிரெய்லர்தான் ஜீப்பைத் தள்ளும்! ஆகவே தனி பிரேக் பொருத்துங்கள். ஏல ரசீது பத்திரம்: இன்ஜின் இல்லாவிட்டாலும் சட்டப்படி அது மோட்டார் வாகனம், பதிவு கட்டாயம். அழகாயிருக்கிறதென்று ராணுவப் பச்சையை விட்டுவைக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, அந்த நிறத்தைப் படைக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. வேறு வண்ணம் அடித்த பிறகு ஆர்.டி.ஓ. வாசலை மிதியுங்கள்.