பெரட்டுக்களத்து முதுகலை

பொறியியல் மேலாண்மை என்பது, இயந்திரத்தை இயக்கத் தெரிந்த பொறியாளருக்கு ஆளையும் நேரத்தையும் செலவையும் இயக்கக் கற்றுத்தரும் முதுநிலைப் படிப்பாகும். இதன் மூலவர்களுள் ஒருவராகப் போற்றப்படும் ஃபிரெடெரிக் டெய்லர், வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து நேரம் குறிக்கும் முறையை முன்வைத்த தம் 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' நூலை 1911இல் வெளியிட்டார். மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத் துரைமார் எவரும் அந்நூலுக்காகக் காத்திருக்கவில்லை. விடியுமுன் பெரட்டில், அதாவது ஆளெண்ணி வேலை பிரிக்கும் அணிவகுப்பில், மேற்பார்வையாளரான கங்காணி செய்தது 'மனிதவள ஒதுக்கீடு'. வெயிலேறினால் பால் ஓட்டம் குறையுமென்று இருட்டிலேயே மரம் சீவ அனுப்பியது 'செயல்முறை உகப்பாக்கம்'. வாளி நிறையாதவருக்குக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், அரைநாள் கூலி எழுதியது 'செயல்திறன் மதிப்பீடு'.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தாத்தா கூலி வாங்கிக்கொண்டு கற்ற இப்பாடங்களையே, நெகிரி செம்பிலானின் பாரோய் வீடமைப்புப் பகுதியிலிருந்து புறப்படும் பேரப்பிள்ளை கல்விக்கடன் வாங்கிக்கொண்டு கற்கிறார். பாடத்திட்டத்தில் களப்பயிற்சி என்றொரு பகுதியும் உண்டு. பெரும்பாலும் அது குளிரூட்டிய அறையில், காலை பத்து மணிக்குத் தேநீருடன் தொடங்குகிறது.