தேரோடும் வீதியில் ஸ்பானிங் ட்ரீ: கடலூர் மாவட்டத்தின் முன்னுரிமை குறித்து ஓர் ஆய்வு

ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை 1985-ல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கினார் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அப்போது அவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார் என்பதும், நெறிமுறையைச் சுருக்கி ஒரு கவிதையாகவே பாடிவைத்தார் என்பதும் உண்மை. 1990-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு அதை 802.1டி என்ற தரமாக வெளியிட்டது. இவற்றை மறுப்பது நம் நோக்கமன்று. இலக்கணத்தைச் செய்யுளில் சொல்லிவைக்கும் பழக்கம் யாருடையது என்று மட்டும் கேட்டுவிட்டு, ஸ்பானிங் ட்ரீக்கு மூலச் சான்றுகள் கடலூர் மாவட்டத்தில் கிடைப்பதை நிறுவ முற்படுகிறோம். (எதற்கெடுத்தாலும் ‘எங்களிடம் அப்போதே இருந்தது’ என்று கிளம்புகிறவர்கள்மீது இவ்வாய்வாளருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இது வேறு விஷயம். இதற்கு ஆதாரம் இருக்கிறது.)

முதலில் நோய். ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூச்சியமானால் கதை முடிந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. அது சாகாவரம் வாங்கிய பிறவி. ஸ்விட்சுகளை வட்டமாகக் கோத்துவிட்டால், ஒரேயொரு பிராட்காஸ்ட் ஃபிரேம் இரண்டு திசையிலும் சுற்றத் தொடங்கி, சுற்றுக்கொரு தடவை எல்லாக் கணினிகளின் கதவையும் தட்டிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் ஸ்விட்சின் அத்தனை பச்சை விளக்குகளும் சேர்ந்து சிமிட்டும். வேலை எதுவும் நடக்காது.

மருந்துதான் ஸ்பானிங் ட்ரீ: வட்டத்தை ஓரிடத்தில் அடைப்பது. கேபிளை வெட்ட வேண்டாம். ஒரு போர்ட்டை வாய்மூடி இருக்கச் சொன்னால் போதும். எந்தப் போர்ட் என்று தீர்மானிக்கத் தலைமை வேண்டும். அந்தத் தலைமை ஸ்விட்சுக்குப் பெயர் ரூட். எல்லா ஸ்விட்சுக்கும் பிறவியிலேயே 32768 என்ற முன்னுரிமை எண் உண்டு. சிறிய எண்ணே வெல்லும். எல்லாம் சமமென்றால் மேக் முகவரி சிறியதாக இருப்பது தலைமை ஏற்கும். அது பெரும்பாலும், பெஞ்சுக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஸ்விட்சாக இருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நல்ல ஸ்விட்சுக்கு 24576 என்றும், அது விழுந்தால் தலைமை ஏற்க இன்னொன்றுக்கு 28672 என்றும் கையால் எழுதிவைப்பார்கள்.

இனி முதல் சான்று. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரை உள்ள ஊர்களும் விற்பனையில் அடக்கம். அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. பிராட்காஸ்ட் எல்லையை இவ்வளவு சத்தமாக வரையறுத்த வேறு நிறுவனம் இல்லை. 1746-ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும், சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. கணக்கு சரிதான்: 24576 போனது, 28672 எழுந்தது. பெர்ல்மனுக்கு 239 ஆண்டுகள் முன்பு.

முன்னுரிமை அதிகமுள்ள பழைய ரூட் உயிர்பெற்று வந்தால் தலைமையை உடனே அதனிடம் விட்டுவிட வேண்டும் என்பது நெறிமுறை. சென்னை 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. தலைமை அங்கே போனது 1752-ல். மூன்று ஆண்டு தாமதம் பெரிதுதான். பழைய ஸ்பானிங் ட்ரீ, ரூட் விழுந்து புதிய வழி எழும் வேலையைக்கூட, தகவல் காலாவதியாக 20 விநாடி, கேட்க 15, கற்க 15 என்று மொத்தம் 50 விநாடியில் முடித்துவிடும். ஆனால் அதற்கு லண்டனிலிருந்து கப்பலில் கடிதம் வரக் காத்திருக்கும் நிலை இல்லை.

தலைமை முடிவானபின் போர்ட்டுகளுக்குப் பதவி. இதற்குச் சிதம்பரம் போக வேண்டும். நடராசர் கோயிலைச் சுற்றிக் கீழ, தெற்கு, மேல, வடக்கு வீதிகள்; நான்கும் சேர்ந்தால் வட்டம். நான்கு மூலைகளிலும் நான்கு ஸ்விட்ச் வைத்து வீதிகள் நெடுக ஃபைபர் இழுப்பதாகக் கொள்வோம். (செம்புக் கேபிள் நூறு மீட்டரோடு சரி.) சாத்திரப்படி ஈசானிய மூலை ரூட். அதன் இரண்டு போர்ட்டுகளும் டெசிக்னேட்டட், அதாவது அந்தந்த வீதிக்குப் பொறுப்பாளர். அக்னி மூலை கீழ வீதி வழியாகவும் வாயு மூலை வடக்கு வீதி வழியாகவும் ரூட்டைப் பார்க்கின்றன; பார்க்கும் போர்ட் ரூட் போர்ட், மறுபக்கப் போர்ட் டெசிக்னேட்டட். எதிர்க்கோடியில் இருக்கும் கன்னி மூலைக்குத்தான் சங்கடம். இரண்டு வழியும் சம தூரம். அக்கம்பக்கத்து இருவரில் எண் சிறியவர் பக்கம் சாய வேண்டும் என்பது விதி. அது அக்னி மூலை என்று வைத்தால், தெற்கு வீதிப் போர்ட் ரூட் போர்ட் ஆகிறது. மேல வீதிப் போர்ட் மிஞ்சுகிறது. அதுவே ஆல்டர்னேட்.

எட்டுப் போர்ட்டில் ஏழு வேலை செய்ய, ஒன்று மட்டும் சும்மா இருக்கிறது என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. அநியாயம். இரண்டு விநாடிக்கொரு முறை எதிர்முனை அனுப்பும் ஹலோவைக் கேட்டுக்கொண்டு, பதில் பேசாமல் இருப்பது இருப்பதிலேயே கடினமான வேலை. 2001-ல் வந்த ரேப்பிட் பதிப்பு இதன் அருமையை உணர்ந்து, தலைமைக்கு மாற்று வழி வைத்திருப்பதை ஆல்டர்னேட் என்றும், ஒரே இடத்தில் தன் ஸ்விட்சின் மற்றொரு போர்ட்டுக்கே துணை நிற்பதை பேக்கப் என்றும் பிரித்தது. ஹப் ஒழிந்த காலத்தில் பேக்கப் போர்ட் பார்க்கக் கிடைப்பதில்லை. மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டம். குறுக்கே தொங்கும் கேபிளைக் கழற்றாமல் தேர் நகராது. இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. தேர் கீழ வீதி நிலையிலிருந்து புறப்படுகிறது. அந்த வீதி இணைப்பு போகிறது. அக்னி மூலை ரூட்டை இழக்க, கன்னி மூலையின் ஆல்டர்னேட் விழித்து ரூட் போர்ட் ஆகிறது. அக்னியும் இப்போது கன்னி வழியாகத்தான் ரூட்டை அடைய முடியும். தேர் தெற்கு வீதிக்குத் திரும்ப, கீழ வீதிக் கேபிளை மாட்டிவிட்டுத் தெற்கைக் கழற்றுகிறோம். கன்னி மூலை மறுபடியும் மேல வீதி வழியாக ரூட்டைப் பார்க்கிறது. பிறகு தெற்கை மாட்டியதும் மேல வீதிப் போர்ட் பழையபடி சும்மா இருக்கப் போய்விடுகிறது. அந்த வீதியில்தான் அடுத்துத் தேர் வருகிறது! எப்படியும் அடைபட்டிருந்த வழி. கழற்றினாலும் ஒரு ஃபிரேம் சிந்தாது. தேர் மேல வீதியில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வீதிகளை வகுத்தவர்கள் இதை யோசித்தே செய்தார்கள் என்று சொல்ல இவ்வாய்வாளர் தயார்; வடக்கு வீதியில் வாயு மூலை தவிக்கும் சில விநாடிகளை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது.

ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. தேர் ஒன்றல்ல, ஐந்து. முன்னால் போகும் விநாயகர் தேர் தெற்கு வீதிக்குள் நுழைந்திருக்க, கடைசியில் வரும் சண்டிகேசுவரர் தேர் கீழ வீதியிலேயே நின்றால், இரண்டு கேபிள் ஒரே நேரத்தில் கழன்று அக்னி மூலை தனித்தீவாகிவிடும். வட்டம் ஒரு துண்டிப்பைத்தான் தாங்கும். அக்னி மூலையிலிருந்து வாயு மூலைக்குக் குறுக்காக ஐந்தாவது கேபிள் போட்டால் அக்னியின் சங்கடம் தீர்ந்தது. ஆனால் அந்தக் குறுக்குக் கோடு கோயிலுக்குள் போகிறது. கோயில் நிர்வாகம் யாரிடம் என்பதற்கே 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கேபிளுக்கான விண்ணப்பத்தை இவ்வாய்வாளர் இன்னும் அனுப்பவில்லை.