பஞ்சாங்கம் பார்த்து ஒரு கொள்ளை

கேள்வி (ஈரோடு): இணையத் தாக்குதல் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை ஐ.பி. முகவரி காட்டிவிடாதா?

பதில்: காட்டும், திருடன் ஏறிவந்த திருட்டு வண்டியின் பதிவெண் அவன் வீட்டைக் காட்டும் அளவுக்கு.

கேள்வி (சிதம்பரம்): உலகின் மிகச் சிறந்த ஹேக்கர்கள் எந்த நாட்டவர்?

பதில்: அது தெரிந்துவிட்டால் அவர்கள் மிகச் சிறந்தவர்கள் அல்லர்.

கேள்வி (தஞ்சாவூர்): வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையில் பூகோளத்துக்கு என்ன பங்கு?

பதில்: பூகோளத்துக்குப் பாதி, பஞ்சாங்கத்துக்குப் பாதி. வங்கிகள் தமக்குள் பணமாற்று ஆணைகளை அனுப்பிக்கொள்ளும் ‘ஸ்விஃப்ட்’ என்னும் செய்தி வலையமைப்பின் வழியாக, 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு, வங்கதேச வங்கி தன் பணத்தை வைத்திருந்த, நியூயார்க்கிலுள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போலி ஆணைகள் சென்றன. கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். வெள்ளியன்று டாக்காவில் வார விடுமுறை, சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை, பணம் போய்ச்சேரவிருந்த மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் விடுமுறைகளையும் பொருத்தம் பார்த்து முகூர்த்தம் குறித்த கொள்ளைக்கூட்டம், இலங்கைத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயருக்கு 2 கோடி டாலர் அனுப்பும் ஆணையில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபேண்டேஷன்’ என்று எழுதிவைக்க, இடையிலிருந்த வங்கி ஐயுற்று வினவியதால் அத்தொகை தப்பியது. மெய்ப்புத் திருத்துநருக்குச் சம்பளம் தருவதை வீண்செலவாகக் கருதும் பதிப்பாளர்கள் இதை இருமுறை படிப்பது நலம். பிழையின்றி எழுதப்பட்ட ஆணைகளால் மணிலா சென்ற 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி, சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் அப்போது அடங்காதிருந்த சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது வடகொரிய அரசின் ஹேக்கர்கள்மீது.

கேள்வி (மதுரை): ஹேக்கர் ஆக என்ன படிக்க வேண்டும்?

பதில்: முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் ரஷ்யாவைத் தொடுவதில்லை என்பது உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. ‘டார்க்சைட்’ போன்ற பிணைத்தொகை மென்பொருள்கள், கணினியின் மொழி ரஷ்யமாகவோ அதன் அண்டை நாட்டு மொழிகள் சிலவாகவோ இருப்பின் தாமே செயலற்றுப்போகும்படி எழுதப்பட்டவை. தன் குடிமக்களைப் பிறநாட்டிடம் ஒப்படைப்பதை ரஷ்ய அரசமைப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு தடுப்பதால், உள்ளூரில் பகை தேடாதவரை அங்குள்ள குற்றவாளிக்கு அச்சம் குறைவு. ஆகவே குற்ற வரைபடம் காட்டுவது எந்த இனத்தின் அறிவுக்கூர்மையையும் அன்று, சட்டத்தின் கை நீளாத இடங்களையே. 2021 மே மாதம் இத்தகைய கும்பல்களில் ஒன்றான ‘கான்டி’ அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையைத் தாக்கியபோது, மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பின, புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சைகூடத் தடைப்பட்டது. குற்றவாளி எல்லைக்கு அப்பால் இருக்கும்வரை, வலையமைப்போடு இணைக்காமல் வைக்கப்படும் காப்புப்பிரதியே நோயாளிக்கு உடனடிப் பாதுகாப்பு. அதற்கான செலவை ஒத்திப்போடும் மருத்துவமனை, கும்பலின் வேலையில் பாதியைத் தானே முடித்துவைக்கிறது.