காலடிச் சத்தத்துக்கு ஒரு விசா

சினிமாவில் நடிக்கிறவர்கள் வேறு, நான் நடக்கிறவன். கதாநாயகன் மாடிப்படி ஏறும்போது கேட்கிற ‘டக் டக்’ அவருடைய கால்தான் என்று நம்பி இத்தனை வருஷம் படம் பார்த்திருப்பீர்கள். படப்பிடிப்பில் மைக் வசனத்தைப் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் எல்லாம் முடிந்த பிறகு, ஓர் ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே அவருக்காக நான் ஏறுவேன். கதாநாயகிக்காகவும் நானே ஏறுவேன். அதற்கென்று என் கால் அளவுக்கு ஹை ஹீல்ஸ் சொல்லிச் செய்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்த மாமனார் தப்பான அலமாரியைத் திறந்துவிட்டார். மனிதர் காபி குடிக்காமலே கிளம்பினார்.

கோடம்பாக்கத்தில் இதற்கு எஃபெக்ட்ஸ் என்று பெயர். உலகம் முழுக்க ஃபோலி என்பார்கள். யூனிவர்சல் ஸ்டுடியோவில் இருந்த ஜாக் ஃபோலியின் பெயர் அது. 1929-ல் வெளிவந்த ‘ஷோ போட்’ படத்துக்கு அவசரமாகச் சத்தம் சேர்க்க வேண்டி வந்தபோது கைகொடுத்தவர்களில் ஒருவர். அதற்கப்புறம் காலமெல்லாம் மற்றவர்களுக்காக நடந்தார். பெரும்பாலான படங்களில் டைட்டிலில் அவர் பெயரே வரவில்லை. குதிரைக்குக் கொட்டாங்குச்சி, பறவை சிறகடிக்கத் தோல் கையுறை, பனியில் நடக்க ஒரு தோல் பையில் சோள மாவு. எலும்பு முறிய அமெரிக்காவில் செலரித் தண்டை ஒடிப்பார்கள், நான் முருங்கைக்காய். அடியாட்கள் நிறைய வருகிற படமென்றால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்தான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம். ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் அமெரிக்க அரசாங்கம், ‘நீ பிரபலமானவன் என்று நிரூபி’ என்றது.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. எச்-1பி விசாவுக்குப் பட்டம் வேண்டும், குலுக்கலில் பெயர் விழவும் வேண்டும். நடப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது? ஆகவே ஓ-1. 1990-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்த விசா இது, அசாதாரணமானவர்களுக்கு மட்டும். ஆஸ்கரோ எம்மியோ வாங்கியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் பரிந்துரைப் பட்டியலிலாவது இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றைக் காட்ட வேண்டும். அதோடு அங்குள்ள தொழிற்சங்கம் ஒன்றும் தயாரிப்பாளர் தரப்பு அமைப்பு ஒன்றும் நம்மைப் பற்றிக் கருத்துக் கடிதம் தர வேண்டும். கோடம்பாக்கத்தில் இந்த இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

கம்பெனி ஒரு வக்கீலம்மாவை அமர்த்தியது. அவர் ஜூமில் வந்து சான்றுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்திரிகை விமர்சனம்? தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. மொழிபெயர்த்து அனுப்பினேன்.

“பரவாயில்லையே, உங்கள் காலடிச் சத்தத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களே!”

“திட்டியிருக்கிறார்கள், மேடம்.” (மிக்ஸிங்கில் ஏற்றி வைத்தது நானல்ல. அந்தக் கதை வேறு.)

அதிகச் சம்பளம்? என்னிடம் இருந்த எழுத்துபூர்வமான ஆதாரங்களில் பெரிய தொகை எழுதியிருந்தது ஒரு காசோலை. அது வங்கியிலிருந்து திரும்பி வந்த காரணத்தால்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. வசூல் சாதனை? படம் நன்றாகத்தான் ஓடியது; அதில் என் செருப்பின் பங்கு எத்தனை சதவீதம் என்று எந்த விநியோகஸ்தரிடம் போய்க் கேட்பது?

மிச்சமிருந்தது பரிந்துரைக் கடிதங்கள். இயக்குநர், எடிட்டர், சவுண்ட் இன்ஜினியர் என்று யாரிடம் போனாலும் ஒரே பதில்தான்: “அதுக்கென்ன தம்பி, நீயே எழுதிக் கொண்டாந்துடு. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” ஆக, என்னை நானே பல குரலில் புகழ உட்கார்ந்தேன். தற்பெருமை பேசினால் தலையில் குட்டு விழும் வீட்டில் வளர்ந்த கை, ‘நேரத்துக்கு வந்துவிடுவார், கெட்ட பழக்கம் கிடையாது’ என்பதற்கு மேல் நகரவில்லை. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இதைக் காட்டினால் வாடகைக்கு வீடு கிடைக்கும். அடக்கத்துக்கு விசா கிடையாது.”

பழகப் பழக எனக்கும் சூடு பிடித்துவிட்டது. ‘தென்னிந்தியத் திரையில் மனிதர்கள் நடக்கும் விதத்தையே மாற்றியவர்’ என்று எழுதி இயக்குநரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். “யாருப்பா இது? நம்ம படத்துக்கு இவரையே போட்டிருக்கலாமே” என்றார்.

தலையணை கனத்துக்குக் கோப்பு சேர்ந்து, அங்கே மனு ஏற்கப்பட்டு, நேர்காணலுக்கு ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நின்றேன். எதிரே பார்த்தால் நட்சத்திர ஹோட்டல். ஒரு காலத்தில் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. சினிமா ஆசையோடு அந்தச் சந்திப்பில் வரிசை நிற்பது நமக்குப் பழக்கம்தான். வாசல் மட்டும் மாறியிருக்கிறது. இங்கே ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. எல்லிஸ் ஆர். டங்கன். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட்டதை நம்பி 1935-ல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கர். தமிழ் சுத்தமாகத் தெரியாது. 1936-ல் ‘சதிலீலாவதி’ எடுத்தார்; எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ என்று 1950 வரை இங்கேயே இருந்தார். அவருடைய அசாதாரணத் திறமைக்கு எந்தத் தமிழனும் ஆறில் மூன்று சான்று கேட்டதாகத் தெரியவில்லை. மொழி தெரியாதவர் வசனம் எழுதிக் கொடுத்ததை அப்படியே எடுப்பார் என்பதே தயாரிப்பாளருக்குப் போதுமான தகுதியாக இருந்திருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மாதிரி. என்ன வேலை என்றார். சொன்னேன். “குதிரைக்கு நிஜமாகவே கொட்டாங்குச்சிதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் நேர்காணல். மனைவிக்கு ஓ-3, வரலாம், வேலை பார்க்கக் கூடாது. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் செருப்புகளைத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

பெட்டி நிறையப் பாதக்கட்டை, கோலாப்பூரி, போலீஸ் பூட்ஸ், சலங்கை, மேற்படி ஹை ஹீல்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினார். எத்தனை பேர் உங்களோடு வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் போய் இறங்கியது 2023 வசந்தத்தில். மே 2-ந் தேதி ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எழுதுகிறவன் பேனாவை மூடினால் சினிமா நின்றுபோகும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நம்ம ஊரில் அதைக் கவனிக்கவே ஒரு ஷெட்யூல் ஆகும். ஜூலை 14-ல் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடிக்க ஆளில்லை, ஆகவே நடக்கவும் ஆளில்லை. எடுத்து வைத்திருந்த படங்கள் தீர்ந்ததும் எங்கள் அறையில் விளக்கு போடுவதே அபூர்வமாயிற்று. அம்மா போனில், “நீ காலை வெச்ச நேரம்டா” என்றாள். தொழில்ரீதியாக எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அது இரண்டாவது.

விஷயம் சூடாவது இனிமேல்தான். ஹாலிவுட்டில் வேலை இல்லாதவன் செய்வதற்கென்று ஒரு மரபு இருக்கிறது. ஹோட்டலில் தட்டு எடுப்பான், ஊபர் ஓட்டுவான், பிறகு விருது மேடையில் ஏறி அதைச் சொல்லி அழுவான். நம் பக்கமும் அப்படித்தானே? ரஜினி கண்டக்டர், நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. கூட வேலை பார்த்த எடிட்டர் பையன் ஊபர் ஓட்டக் கிளம்பினான். நானும் கிளம்பலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். பதறிவிட்டார். எந்த வேலைக்கு விசாவோ அந்த வேலை மட்டும்தான் செய்யலாமாம். நான் அசாதாரணமானவன் என்று அரசாங்க முத்திரையே விழுந்துவிட்டது. அசாதாரணமானவன் தட்டு கழுவினால் சட்டவிரோதம். பட்டினி கிடக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கஷ்டப்பட்டு முன்னுக்கு வரும் வசதி அந்த விசாவில் கிடையாது. முன்னுக்கு வந்த பிறகுதான் உள்ளேயே விடுகிறார்கள்.

ஆக, பின்னாளில் யாராவது பேட்டி எடுத்தால் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. மனைவியின் வங்கிச் சம்பளத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வாடகை கொடுத்தேன் என்பதைக் கேட்டு எந்தத் தொகுப்பாளினி கண் கலங்குவார்?

நவம்பர் 9-ல் நடிகர்களும் திரும்பினார்கள். எனக்கு முதலில் வந்தது அலாஸ்காவில் நடக்கிற கதை. பனியைக் கண்ணால் பார்க்காத சென்னைக்காரன், வெயில் கொளுத்தும் பர்பேங்க்கில் சோள மாவுப் பையை அழுத்தி அழுத்திப் பனிப்புயலில் நடந்தேன். மைக்கை வைத்த பையன் பிறந்து வளர்ந்தது சான் டியேகோ. மினசோட்டாவிலிருந்து வந்த இயக்குநர் கேட்டுவிட்டு, அச்சு அசல் எங்கள் ஊர் ஜனவரி என்று உருகினார். இன்னொரு காட்சியில் கரடி ஒருவனின் கையை முறிக்கிறது. கடையில் செலரி இருந்தது. ஆனாலும் நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற ஆர்ட்டீசியாவுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தேன். தொழில் என்றால் விட்டுக்கொடுக்க முடியாது.

ஹாலிவுட் படத்தை வேற்று மொழிக்கு மாற்றும்போது இசையும் சத்தங்களும் தனித் தடத்தில் போகும். வசனத்தை மட்டும் உள்ளூரில் பேசுவார்கள். எங்கள் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இந்தத் தடத்தால்தான். ஆகவே தமிழ் டப்பிங்கில் அலாஸ்காக்காரன் விருகம்பாக்கத்து வீட்டு டிவியில் வந்தபோது, பேசியது வேறு யாரோ, நடந்தது நான். அம்மா தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

சிக்கல் என்னவென்றால் விசா நீட்டிப்பு நேரம். படத்தில் என் பெயர் வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு ஃபோட்டோ வேண்டும் என்றார் வக்கீலம்மா. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஓடிடி அதை ஒரு மூலைக்குச் சுருக்கிவிட்டு அடுத்த படத்தைப் போட ஆரம்பிக்கிறது. அம்மா ரிமோட்டோடு மல்லுக்கட்டி, செல்போனில் எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது. என் பெயரில் கடைசிப் பாதி தெரிந்தது. வக்கீலம்மா முழுப் பெயர் வேண்டும் என்றார். அம்மாவுக்குப் போன் போட்டு, இன்னொரு தரம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

“மறுபடியும் முதல்லேர்ந்து பாக்கணுமாடா?” என்றாள். “அந்தக் கரடி வர்ற வரைக்கும் ஆளுங்க சும்மா நடந்துக்கிட்டே இருக்காங்கடா.”