பாலராமபுரத்தில் ஒன்றரைச் சென்ட்: தெருவீடு வாங்குதல் குறித்த ஆய்வு

தெருவீடு என்பது இரண்டு சுவர்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஓர் அறைத்தொடர். அவ்விரண்டு சுவர்களில் ஒன்றுகூட முழுதாகச் சொந்தமில்லை என்பது அதன் சிறப்பிலக்கணம். முன்னால் தெரு, பின்னால் கொல்லை, மேலே ஓடு அல்லது தளம், இரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர். இந்த ஆய்வு பாலராமபுரத்துக் கைத்தறித் தெருக்களில் விலைக்கு வரும் ஒன்றரைச் சென்ட் வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மூன்று சென்ட்டும் அதற்கு மேலும் உள்ளவை மாளிகை என்னும் வகையில் அடங்குவதால் விலக்கப்பட்டன.

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது இந்த ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கியது. அவர் காலத்துத் திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதிகளிலிருந்து நெசவு செய்யும் சாலியர் குடும்பங்களை வரவழைத்து இங்கே குடிவைத்தார் என்பது ஊர் வரலாறு. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று நெசவுத் தெருக்கள் நான்கு. புதுத்தெரு எந்தக் காலத்தில் புதிதாக இருந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் இத்தெருக்களில் வீட்டுக்குள் பேச்சு தமிழிலும், வீட்டைப் பற்றிய எழுத்து மலையாளத்திலும் இருக்கின்றன. வாங்க வருபவரின் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அளவை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒன்றரைச் சென்ட் 653 சதுர அடி. முகப்பு 11 அடி என்று கொண்டால் ஆழம் 59 அடிக்குச் சற்று மேல். வாசலிலிருந்து கொல்லைக்கு நடந்து பார்ப்பவருக்கு இந்த வீடு பெரிதாகத் தெரியும். கட்டிலைக் குறுக்கே திருப்ப முயல்பவருக்கு அதே வீடு சிறிதாகிவிடும். தரகர்கள் நடக்க மட்டுமே வைப்பார்கள். ஆவணத்தில் இதே பரப்பு ஹெக்டேர் 0, ஆர் 0, சதுர மீட்டர் 61 என்று ஏறுகிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் நிலத்துக்கு அரசு முதலில் இரண்டு சுழியம் போட்ட பிறகே ஓர் எண் தருகிறது.

சதுர அடியும் சதுர மீட்டரும் தெருவீட்டுக்குப் போதாத அளவைகள். பயன்பாட்டில் நம்பகமானது பீரோ. இரட்டைக் கதவு இரும்பு பீரோ ஒன்று வாசல், நடை, அறை, மாடிப்படி ஆகியவற்றைக் கடந்துவிட்டால் அந்த வீட்டில் மனிதர் வாழலாம். மாடி அறையில் ஏற்கெனவே பீரோ நிற்பதைக் கண்டால், பீரோ முந்தியதா படி முந்தியதா என்று கேட்பது முறை. படி பின்னால் கட்டப்பட்டது என்றால், பீரோவும் வீட்டோடு சேர்ந்தே விலையாகும். விற்பவர் அதைத் தம் தாராளம் என்று சொல்லுவார். உண்மையில் அது வடிவியல்.

அடுத்தது குழி. பாலராமபுரத்துத் துணிக்குப் பெயர் வாங்கித் தந்தது குழித்தறி. நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிப்பார். தறி நின்ற வீடுகளின் முன்னறையில் இந்தக் குழி இருக்கும். தறி போன பிறகு குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். பழைய சிவப்புத் தரைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். ஓரங்களில் மயிரிழை விரிசல். மேலே நாற்காலி போட்டால் ஒரு கால் மட்டும் லேசாக ஆடும். விற்பவர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பாய் விரித்திருப்பார்.

இந்தக் குழியை எப்படிக் கணக்கிடுவது என்பதில் இரு கட்சிகள் உண்டு. குழி என்பது கட்டடத்தின் கீழ்நிலை. ஆகவே அதற்கும் விலை உண்டு என்பது விற்பவர் கட்சி. குழி என்பது இல்லாத தரை; ஆகவே விலையில் கழிக்க வேண்டும் என்பது வாங்குபவர் கட்சி. தறி இன்னும் நிற்கும் வீட்டில் மூன்றாவதாக ஒரு கட்சி முளைக்கும். அது அந்த வீட்டு மூத்தவர். தறியை எடுப்பதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். இந்தக் கட்சிக்கு எதிர்வாதம் எவராலும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

சுவர் இந்த ஆய்வின் மையப்பொருள். பாலராமபுரத்துக் கைத்தறித் துணியின் பெருமை, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் என்பது. பொதுச்சுவருக்கு அந்தப் பெருமை கிடையாது. இந்தப் பக்கம் நாட்காட்டிக்கு ஓர் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் ஒரு தட்டுக் காரை விழும். இந்தப் பக்கம் குளியலறை வைத்தால் அந்தப் பக்கம் சுவரில் தேசப்படம் வரையும். சுவரின் உரிமை பற்றிச் சட்டம் பேசும். ஒலியின் உரிமை பற்றிப் பேசாது. பக்கத்து வீட்டுச் சீரியல் எத்தனை மணிக்கு முடிகிறது, யாருக்கு இருமல், எந்தக் குழந்தைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரவில்லை என்பதெல்லாம் கிரயத்தோடு சேர்ந்து வருகின்றன. வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவருக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாத்தியதை கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையை 20 ஆண்டு அனுபவித்தவரின் நிலையை அச்சட்டம் தெளிவுபடுத்தவில்லை.

இடித்துக் கட்டலாம் என்று நினைப்பவருக்குச் சுவர் இன்னும் பெரிய பொருளாகிறது. கேரளக் கட்டட விதிகள் 2019இல் திருத்தி வெளியிடப்பட்டன. 125 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட்டுக்கு உட்பட்ட சிறு மனைகளுக்கு அவற்றில் சலுகை உண்டு. ஆனால் எல்லையை ஒட்டிக் கட்டப் பக்கத்து மனைக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆக, வங்கி மேலாளருக்கு அடுத்தபடி முக்கியமானவர் பக்கத்து வீட்டுக்காரர். வீடு பார்க்கப் போகிறவர்கள் விற்பவர் வீட்டில் காபி குடிப்பது வழக்கம். முறைப்படி குடிக்க வேண்டிய காபி இரண்டு வாசல் தள்ளி இருக்கிறது.

கிணறும் அப்படியே. தென் திருவிதாங்கூர்த் தெருவீடுகளில் எல்லைச் சுவர் கிணற்றின் நடுவே போவது பழக்கமானதே. கிணறு ஒன்று, துலா இரண்டு. ஆவணத்தில் பாதிக் கிணற்று அவகாசம் என்று எழுதுவார்கள்; மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எந்தப் பாதி என்று எழுதமாட்டார்கள். நீருக்குள் வாளி விழுந்தால் அது எந்தப் பாதியில் விழுந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த ஒரு வாரத்துப் பேச்சுவார்த்தை அமையும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணறு பல வீடுகளில் இரும்பு வலைக்குக் கீழே போய்விட்டது; அவகாசம் மட்டும் மேலே நிற்கிறது.

வழி பற்றிய வகைப்பாடு எளிது: லாரி வழி, கார் வழி, ஆட்டோ வழி, பைக் வழி, நடைவழி. விலை இந்த வரிசையிலேயே இறங்கும். “அண்ணாச்சி, ஆட்டோ வாசலில வந்து நிக்கும்” என்று தரகர் சொன்னால், வந்து நிற்கும் என்பதுவரை உண்மை. திரும்புமா என்று கேட்டால் அவர் கைப்பேசியைப் பார்ப்பார். நெசவுத் தெருவில் இதற்குக் காலக்கணக்கும் உண்டு. அதிகாலையில், வெயில் ஏறுமுன், கஞ்சி தோய்த்த பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் குச்சிகள் செருகி, ஆட்கள் வரிசையாக நின்று தூரிகையால் நீவிவிடுவார்கள். அந்த நேரத்தில் தெரு தெருவல்ல, தொழிற்சாலை. பாவு எடுக்கும்வரை கார் வழி நடைவழியாக இருக்கும். பாவு நீவுதல் முன்போல் இல்லை என்பதால், தெரு இப்போது முழுநேரக் கார் வழி ஆகிவருவதாகத் தரகர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அகலம் மட்டும் திவான் காலத்தது.

இந்த ஊரின் விலையை வீடு தீர்மானிப்பதில்லை. மூன்று திசைகள் தீர்மானிக்கின்றன. தரகர் மேற்கே கை நீட்டினால் அது விழிஞ்ஞம் துறைமுகம்; 2025 மே 2இல் பிரதமர் திறந்துவைத்தது. தண்டவாளத்தின் பக்கம் கை நீட்டினால் அது விழிஞ்ஞத்தையும் பாலராமபுரத்தையும் இணைக்கத் திட்டமிட்ட சரக்கு ரயில்பாதை. நீளம் சுமார் 10.7 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கம். சுரங்கத்தில் ஓடும் ரயிலால் மேலே இருக்கும் ஒன்றரைச் சென்ட்டுக்கு என்ன பயன் என்பதை எந்தத் தரகரும் விளக்கியதில்லை. கேட்பதும் இங்கிதமல்ல. மூன்றாவது திசை கரமனை–களியக்காவிளைச் சாலையின் அகலப்படுத்தல். இதில் சாலை எப்போதும் பக்கத்து வீடுவரை வரும். விற்கப்படும் வீட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிடும். விலை சொல்லும்போது மட்டும் வாசலுக்கே வரும்.

தெருவீடு வேண்டாம், அடுக்ககம் போதும் என்று தலைநகரத்துப் பக்கம் திரும்புபவர்களும் உண்டு. அங்கே சுவருக்குப் பதில் சதுர அடி சண்டை நடக்கிறது. படிக்கட்டு, மின்தூக்கி, காவலாளி உட்காரும் இடம் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு துண்டை வெட்டிச் சேர்த்து விற்றுவந்த காலத்தில், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் பரப்பு என்பதற்கு இலக்கணம் வகுத்தது. வெளிச்சுவர் கணக்கில் வராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் வரும். வெளிச்சுவர் தனியொருவருக்கு உரியதல்ல என்று நெசவுத் தெரு இருநூறு ஆண்டாக அறிந்ததைச் சட்டம் பின்னால் வந்து ஒத்துக்கொண்டது. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ எட்டுக்கு மிகாத வீடுகளோடோ கட்டுபவர் அந்தச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதில்லை. பழைய, நெருக்கமான தெருக்களில் எழும் அடுக்ககங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் எழுகின்றன. அங்கே வாங்குபவர் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதைத் தாமே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம் பழசாகும், பங்கு பழசாகாது.

ஆவணம் பற்றிய பகுதியே ஆய்வில் மிகக் கடினமானது. நாகர்கோவிலிலிருந்து வீடு வாங்க வருபவர் “பத்திரம் எங்கே?” என்று கேட்டால், மலையாளத்தில் பத்ரம் என்பது செய்தித்தாள் என்பதால், அன்றைய நாளிதழ் கைக்கு வரும். கிரயப் பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்று பெயர். “ஆதாரம் கொண்டுவாங்க” என்றால் அவர் ஆதார் அட்டையை நகலெடுத்து வருவார். வில்லங்கச் சான்று இங்கே குடிக்கட சர்ட்டிபிகேட். நிலவரி கரம், அதைக் கட்டிய ரசீது கையில் இருக்க வேண்டும். அனுபவ உரிமைக்குக் கைவச சர்ட்டிபிகேட். கிராம அலுவலகக் கணக்கில் உரிமையாளரின் எண் தண்டப்பேர். தமிழில் அது ஒரு வசை போல ஒலிப்பதால் பலர் அரை நொடி முகம் சிவக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலானது போக்குவரவு. பட்டா மாறுதல் என்பதற்கு இணையான சொல் அது. ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்தில் நின்றுகொண்டு, “போக்குவரவெல்லாம் சரியா இருக்கு” என்று விற்பவர் அடித்துச் சொல்வதைக் கேட்டு, வாங்க வந்தவர் தெருவை இருமுறை பார்ப்பது இந்த ஊரில் பழகிப்போன காட்சி.

ஆதாரத்தை எழுதுவது ஆதாரமெழுத்துக்காரர். முன்னாதாரத்தில் கிழக்கு எல்லை “குமாரசாமி வகை வீடு” என்று இருந்தால், அவர் பேரன் விற்றுப்போய் முப்பது ஆண்டானாலும் புதிய ஆதாரத்திலும் அப்படியே எழுதுவார். எல்லையில் ஒருமுறை ஏறிய பெயர் எளிதில் இறங்காது. 2022 நவம்பர் 1இல் கேரளம் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது. துல்லியக் கருவியோடு வரும் அளவையாளர் பொதுச்சுவரின் எந்த முகத்தில் புள்ளி வைப்பது என்று கேட்கும்போது இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். பத்து வருடம் பேசாதவர்களும் அன்று பேசுவார்கள்.

பணக் கணக்கு சுருக்கமானது. பேச்சு முடிந்ததும் அச்சாரம், பிறகு உடம்படி என்னும் ஒப்பந்தம், பிறகு ஆதாரம். 2010 முதல் கேரளத்தில் நிலத்துக்கு அரசு நிர்ணயித்த நியாய விலை உண்டு. அதுவா பேசிய விலையா, எது அதிகமோ அதன்மேல் முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் பொதுவாக 7ம் 2ம். இந்த ஒரு சதவீத வித்தியாசத்துக்காகக் களியக்காவிளையைக் கடந்து குடியேறியவர் எவரும் தென்படவில்லை.

பதிவு முடிந்து, போக்குவரவு முடிந்து, தண்டப்பேர் கிடைத்த பிறகு புதிய உரிமையாளர் தம் பெயரில் கரம் கட்டுகிறார். 2025 ஏப்ரல் முதல் பஞ்சாயத்துப் பகுதியில் சிறு நிலங்களுக்கு ஆர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் 50 காசு. 61 சதுர மீட்டருக்கு அது கணக்குப்படி ஐந்து ரூபாய்க்கும் கீழே. அதைக் கட்டக் கிராம அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனால் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். ஆட்டோவைத் தெருமுனைவரை நடந்துபோய்ப் பிடிக்க வேண்டும்.